மதுமனையும் மனித மதிப்பும்

கள்ளைப் பழிக்காத அறநூல் தமிழில் அரிது. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கென்றே தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம் அமைந்துள்ளது. சங்கச் சான்றோரோ கள்ளை அவ்வாறு வெறுத்தவரல்லர். அதியமான் தன்னிடம் இருந்த கள்ளை ஔவைக்கு அளித்து மகிழ்ந்ததைப் புறநானூறு பயிலும் மாணவர் அறிவர். பழித்தவரும் பாராட்டியவரும் கள்ளைப் பற்றியும் அதனை உண்பவனைப் பற்றியும் நிறையவே பேசினர். உண்ணும் இடத்தைப் பற்றி அத்துணை பேசினாரல்லர். காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் மனைகளின் முன்னே கொடி பறந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அம்மனைக்குள் சென்றவன் அமர்ந்து உண்டானா, நின்று உண்டானா, முன்வாயிலில் நுழைந்தானா, புறக்கடையில் காத்திருந்தானா என்பனவற்றை அப்பாடலால் அறிய இயலாது. அது பாடலின் குறையன்று. நகரின் செழிப்பைப் பாட வந்த புலவருக்குக் கொடியே போதுமானதாக இருந்தது.

ஆயினும் இடத்தைப் பற்றிய வினாவும் அறத்தைப் பற்றிய வினாவே. ஒருவனுக்கு எது கொடுக்கப்படுகிறது என்பது ஒன்று. அவன் எங்கே நிறுத்தப்பட்டு, எவ்வாறு கொடுக்கப்படுகிறான் என்பது வேறொன்று. முன்னதை ஆராயும் அறவோர் பின்னதைக் கட்டடக் கலைஞரிடம் விட்டுவிடுகின்றனர். கட்டடக் கலைஞரோ அதனைப் பணம் கொடுப்பவரிடம் விட்டுவிடுகின்றார்.

நெகிரி செம்பிலான் மாநிலத்துச் செண்டாயான் தோட்டப்புறத்தின் பழைய வாழ்வை எண்ணிப் பார்ப்பவர்க்கு இவ்வினா தானே எழும். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடைப்பட்ட அந்நிலப்பகுதியில் ஆங்கிலேயத் துரைமார் குடித்த இடம் வேறு. பால்மரம் சீவிய தமிழர் குடித்த இடம் வேறு. இரண்டிலும் மயக்கம் ஒன்றுதான். கட்டடம் மட்டும் ஒன்றன்று. துரைமாரின் கிளப்பை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், அவர்கள் பிறந்த நாட்டில் மதுமனை எவ்வாறு கட்டப்பட்டது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம்.

விக்டோரியா அரசியார் 1837-இல் அரியணை ஏறுதற்குச் சற்று முன்பே இலண்டன் மாநகரின் மதுக்கடைகள் உருமாறத் தொடங்கிவிட்டன. இருண்ட சிறுகடைகள் இருந்த இடங்களில் பெரிய கண்ணாடிப் பலகைகளும் வாயு விளக்குகளும் பொன்முலாம் பூசிய தூண்களும் தோன்றின. மக்கள் அவற்றை 'ஜின் அரண்மனை' என்று அழைத்தனர். இளைஞராக இருந்த சார்லஸ் டிக்கன்ஸ், 1836-இல் நூலாக வெளிவந்த தம் நகரச் சித்திரங்களுள் ஒன்றில் இக்கடைகளை விவரித்துள்ளார். கடையின் ஒளியையும், கடையைச் சூழ்ந்த சேரியின் இருளையும் அவர் அருகருகே வைத்துக் காட்டுகின்றார். குடி தீயது, ஆயின் ஏழையின் வீட்டிலுள்ள அழுக்கும் வறுமையும் அதனினும் தீயன, வீடு திருந்தும்வரை கடை பெருகவே செய்யும் என்பது அவர்தம் முடிபு. வீட்டில் ஒரு விளக்குக்கும் வழியில்லாதவன், நூறு விளக்கு எரியும் கூடத்தை நாடிச் செல்வதில் வியப்பென்ன? அவன் வாங்கியது ஜின் மட்டுமன்று. ஒரு நாழிகை வெளிச்சமும் சூடும் வாங்கினான்.

இக்கட்டடக் கலை அந்நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் உச்சத்தை எட்டியது. மதுமனை உரிமங்கள் அளவோடு வழங்கப்பட்டமையால், இருந்த மனைகளை வாங்குவதற்கு மது வடிக்கும் நிறுவனங்கள் போட்டியிட்டன. வாங்கிய மனைகளில் பணத்தைக் கொட்டி அழகுபடுத்தின. லிவர்ப்பூல் நகரிலுள்ள 'பில்ஹார்மோனிக்' மதுமனை அவ்வாறு எழுந்தவற்றுள் ஒன்று. மது வடிப்பாளரான இராபர்ட் கெய்ன் என்பாருக்காக வால்டர் தாமஸ் என்னும் கட்டடக் கலைஞர் 1898-க்கும் 1900-க்கும் இடையில் அதனைக் கட்டினார். மரச்சிற்பம், செப்புத் தகட்டு வேலை, வண்ணக் கண்ணாடி, மொசைக் தரை என அங்கு இல்லாத வேலைப்பாடு இல்லை. ஆடவர் சிறுநீர் கழிக்கும் இடத்தையும் சலவைக்கல்லால் இழைத்திருக்கின்றனர். அதனைக் காண்பதற்கென்றே வருவோர் உளர். இக்கட்டடம் 2020-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாதுகாப்புப் பட்டியலின் முதல் தரத்திற்கு உயர்த்தப்பட்டது.

வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிலுள்ள 'கிரவுன்' மதுமனையின் கதை இதனினும் சிந்தனைக்குரியது. அந்நகரில் அப்போது எழுந்துகொண்டிருந்த தேவாலயங்களில் வேலை செய்ய இத்தாலியக் கைவினைஞர் வந்திருந்தனர். பகலில் ஆலய வேலை செய்த அவர்களை, அவ்வேலை முடிந்த பின் மதுமனையின் ஓடுகளையும் கண்ணாடிகளையும் மரவேலைகளையும் செய்யுமாறு உரிமையாளர் இணங்கச் செய்தார் என்பர். பீடமும் மதுமேடையும் ஒரே கைகளில் உருவாயின. கைக்கு வேற்றுமை தெரியவில்லை. அல்லது கை வேற்றுமை பாராட்டவில்லை. 1978-இல் தேசிய அறக்கட்டளை அம்மதுமனையை வாங்கிச் செப்பனிட்டது. கோயிலைக் காப்பதற்கு ஒப்ப ஒரு மதுக்கடையைப் பொதுப்பணத்தால் காக்கலாமா என்று அன்றும் சிலர் கேட்டிருக்கக் கூடும். கேட்கத்தக்க கேள்விதான்.

அழகைப் பற்றிப் பேசியாயிற்று. அமைப்பைப் பற்றியும் பேசுதல் வேண்டும். அவ்வழகிய கூடங்கள் ஒரே கூடமாக இருந்ததில்லை. நடுவில் குதிரை இலாட வடிவில் மதுமேடை. அதிலிருந்து நாற்புறமும் தடுப்புகள். உழைப்பாளிக்கு ஓர் அறை. கடைக்காரருக்கும் எழுத்தருக்கும் ஓர் அறை. வசதி படைத்தவருக்கு மெத்தை இருக்கையுடன் ஓர் அறை. குவளையில் வாங்கி வீட்டிற்கு எடுத்துச் செல்வோருக்கு ஒரு மூலை. ஒவ்வோர் அறைக்கும் தெருவிலிருந்தே தனிவாயில் இருந்தது. ஒரே பீப்பாயிலிருந்து இறங்கிய மது, அறைக்கு அறை வேறு விலை பெற்றது. மேல்தட்டினர் அறையில் மதுமேடையின் மீது, முகமளவு உயரத்தில், சுழலும் சிறு கண்ணாடிப் பலகைகள் பொருத்தப்பட்டிருந்தன. பணியாளன் முகத்தைக் காணாமலே கிண்ணத்தைப் பெறுவதற்கு அவை உதவின. இலண்டனில் மெய்டா வேல் பகுதியிலுள்ள 'பிரின்ஸ் ஆல்பிரட்' மதுமனையில் இத்தடுப்புகள் இன்றும் நிலைத்துள்ளன. அத்தடுப்புகளின் அடியில் இடுப்பளவுச் சிறுகதவுகள் உண்டு. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்லும் ஊழியர் குனிந்துதான் செல்ல வேண்டும்.

குனிந்து செல்லும் கதவைச் செதுக்கிய தச்சனும் திறமை மிக்கவனே. கலையின் நுட்பம் மனிதரைப் பிரித்து வைப்பதற்கும் பயன்படும் என்பதற்கு இக்கதவே சான்று. ஆயினும் ஒன்றை மறுக்கலாகாது. உழைப்பாளியின் அறையும் அங்கு ஓர் அறையாகவே இருந்தது. அவனுக்கும் கூரை இருந்தது, கணப்பு இருந்தது, சுவரில் பூ ஓடு பதித்திருந்தது. அவனுடைய பணத்திற்காகத்தான் அவையெல்லாம் செய்யப்பட்டன என்பது மெய்யே. இருப்பினும் அவன் உள்ளே வந்து அமர்வான் என்று எண்ணியே கட்டினர்.

இம்மரபைத்தான் ஆங்கிலேயர் கடல் கடந்து கொண்டு வந்தனர். கோலாலம்பூரில் திடலை ஒட்டி 1884-இல் சிலாங்கூர் கிளப் தொடங்கப்பட்டது. பின்னாளில் எழுந்த அதன் கட்டடம், வெண்சுவரில் கருமரச் சட்டங்கள் வரிவரியாகத் தெரியும் பழைய ஆங்கில நாட்டுப்புற வீட்டின் சாயலைக் கொண்டது. எதிரே 1897-இல் எழுந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடமோ குவிமாடங்களும் வளைவுகளும் கொண்டது. ஆளும் இடத்தைக் கீழைநாட்டுக் கோலத்திலும், குடிக்கும் இடத்தைத் தம் ஊர்க் கோலத்திலும் கட்டிக்கொண்டனர். அலுவலில் அரசராகத் தோன்ற விரும்பியவர்கள், மாலையில் ஊர்ப்புறத்து மனிதராக இருக்க விரும்பினர் போலும். கிளப்பிற்குப் 'புள்ளி நாய்' என்று ஒரு பட்டப்பெயர் வழங்கியது. ஆங்கில நாட்டு மதுமனைப் பலகைகளில் காணப்படும் பெயரைப் போன்றதே அது. வாயிலில் கட்டப்பட்ட புள்ளி நாய்களால் வந்த பெயர் என்பாரும், பல இனத்தவரும் உறுப்பினராக இருந்தமையால் வந்த பெயர் என்பாரும் உளர்.

பல இனத்தவர் என்பதற்குச் சான்றும் உண்டு. கிளப்பின் தொடக்க கால உறுப்பினருள் தமிழரான கா. தம்புசாமிப் பிள்ளை ஒருவர். கோலாலம்பூர் மாரியம்மன் கோவிலோடும் பத்துமலையோடும் இணைத்துப் போற்றப்படும் பெருந்தகை அவரே. பெல்பாஸ்ட் தச்சரைப் போலவே, கோவிலிலும் கிளப்பிலும் ஒருங்கே இடம்பெற்ற மனிதர். எனவே, சிலாங்கூர் கிளப்பின் வாயிலை நிறம் ஒன்றே காத்தது எனல் பொருந்தாது. தகுதி என்று அவர்கள் கருதியது காத்தது. அதுவும் போதாதெனக் கருதிய உயர் அலுவலர் சிலர் 1890-இல் லேக் கிளப்பைத் தமக்கெனத் தனியே அமைத்துக்கொண்டனர். சிலாங்கூர் கிளப்பின் நீண்ட மதுமேடைக் கூடத்தில் நெடுங்காலம் பெண்களுக்கு இடமில்லை என்பதையும் இங்கே சேர்த்துக் கொள்ளலாம். தடுப்புக் கட்டும் தச்சனுக்கு வேலை குறைந்ததே இல்லை.

சிரம்பானிலும் அவ்வாறே சுங்கை ஊஜோங் கிளப் அமைந்தது. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் இருப்புப்பாதை 1891-இல் திறக்கப்பட்ட பின், அவ்வட்டாரத்தில் காப்பியும் பின்னர் ரப்பரும் பயிரிட்ட துரைமார் வார இறுதியில் கூடிய இடம் அதுவே. அகன்ற தாழ்வாரம், உயர்ந்த கூரை, காற்றோட்டம், சாய்வு நாற்காலி, அழைத்தால் வந்து நிற்கும் பணியாள். கிளப் கட்டடத்தின் தலையாய இலக்கணம் தாழ்வாரமே. அது வெயிலைத் தடுத்தது; வெளியே விளையாட்டுத் திடலைக் காணவும் செய்தது. அங்கு அமர்ந்தவன் உலகைத் தன் முன் விரித்து வைத்துக்கொண்டு குடித்தான். தனிமையில், மொழி அறியாத நாட்டில், காய்ச்சலுக்கு அஞ்சி வாழ்ந்த இளந்துரைகளுக்கு அவ்விடம் எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும் என்பதையும் நடுநிலையோர் உணர்வர்.

இனித் தோட்டத்தின் கள்ளுக்கடையைக் காணலாம். தோட்டம் என்பது மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி இறங்கும் ஒரு கட்டட வரிசை. மேட்டில் துரையின் பங்களா. சற்றுத் தாழக் கிராணிமார் வீடு. அதனினும் தாழத் தொழிலாளர் லயம். கள்ளுக்கடையோ பெரும்பாலும் லயத்தையும் தாண்டி, தோட்டத்தின் ஓர் ஓரத்தில் ஒதுங்கி நின்றது. பலகைச் சுவர், தகரக் கூரை, கம்பியோ சட்டமோ அடித்த ஒரு சிறு சன்னல். பணம் அதன் வழியே உள்ளே போகும். கள் அதன் வழியே வெளியே வரும். வாங்கியவன் கடைக்குள் அமர்வதில்லை; மரத்தடியிலோ வாங்குப் பலகையிலோ மண் தரையிலோ அமர்வான். கடைக்குள்ளே இருந்தது கள்ளும் விற்பவனும் கல்லாவும் மட்டுமே. கூரை கள்ளுக்குத்தான், குடிப்பவனுக்கன்று. மழை வந்தால் கள் நனையாது.

இங்கிலாந்தின் மதுமனை வகுப்புகளைப் பிரித்தது. ஆயினும் எல்லாரையும் உள்ளே வைத்துப் பிரித்தது. தோட்டக் கள்ளுக்கடையோ பிரிப்பதற்கு உள்ளே ஒருவரையும் விடவில்லை. உரிமம் தந்தது அரசு. பல இடங்களில் நடத்தியது தோட்ட நிருவாகம். கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்குச் செலவிடப்பட வேண்டும் என்ற விதியும் இருந்தது. திருவிழாவுக்கும் விளையாட்டுக்கும் அப்பணம் உதவியது. குடித்தவன் பணத்திலேயே அவனுக்கு அறம் செய்யப்பட்டது. மகன் ஓடிய பந்தயத்தின் பரிசு, தந்தை குடித்த கள்ளிலிருந்து வந்ததாயின், அப்பரிசை என்னவென்பது? சட்டத்தின் கண்ணுக்கு அது நலநிதி. தாயின் கண்ணுக்கு அது வேறாகத் தோன்றியிருக்கும். அந்நிதி வளர வேண்டுமாயின் குடியும் வளர்ந்தாக வேண்டும் என்னும் கணக்கை, அவள் எழுதப் படிக்கத் தெரியாமலே போட்டிருப்பாள்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். இழிந்த செயலுக்கு இழிந்த இடமே தகும். கள்ளுக்கடைக்குப் பளிங்கு பதித்திருந்தால் இன்னும் பலர் கெட்டிருப்பர். தகரச் சன்னலே நல்லது என்று கூறுவர். வலுவான மறுப்பு இது. ஜின் அரண்மனையின் விளக்கொளியில் மயங்கி அழிந்த குடும்பங்கள் இதற்குச் சான்று. ஆயின் இம்மறுப்பைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? குடியைத் தடுக்க விரும்பி, கடையை அருவருப்பாக்கியவருக்கு உண்டு. குடியை விற்றுக்கொண்டே கடையை அருவருப்பாக வைத்திருந்தவருக்கு இல்லை. அச்சன்னல் குடிக்காதே என்று சொல்லவில்லை. குடி, ஆயின் உள்ளே வாராதே என்றே சொல்லியது.

இது வெள்ளையர் மட்டுமே கண்ட சூழ்ச்சி என்று எண்ணி ஆறுதல் அடைவதற்கும் வழியில்லை. வழிப்போக்கன் அமர்ந்து இளைப்பாறத் திண்ணை வைத்து வீடு கட்டிய தமிழரே, ஊருக்கு வெளியே சேரியையும் வைத்தனர். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்குத் தனிக்குவளை வைத்து, வெளியே நிறுத்தி ஊற்றிய கொடுமை விடுதலைக்குப் பின்னும் பன்னெடுங்காலம் தொடர்ந்தது. தேநீரில் மயக்கமில்லை, ஆகவே கேடு பானத்தில் இல்லை, நிறுத்திய இடத்தில் இருந்தது என்பதை அக்குவளைகளே காட்டிவிடுகின்றன. கப்பலேறி வந்த தமிழருள் பலர் அவ்வகை வாசலை ஊரிலேயே பழகியவர். துரை அமைத்த சன்னல் அவர்களுக்குப் புதியதாகத் தோன்றாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஆனால் ஒருநாள் அது அவர்களுக்குப் புதியதாகத் தோன்றியது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தில் வைக்கப்பட்ட கோரிக்கைகளை மாணவர் ஊன்றிப் படித்தல் வேண்டும். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுதலும் ஒரு கோரிக்கை. துரைமார் முன்னும் கிராணிமார் முன்னும் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை மற்றொரு கோரிக்கை. பொருளியல் மட்டுமே கற்றவர்க்கு இவ்விரண்டும் கூலிக் கோரிக்கைகளின் இடையே ஒட்டாமல் நிற்பனவாகத் தோன்றும். ஆயின் கள்ளுக்கடைச் சன்னலை மனத்திற் கொண்டு படிப்பவர்க்கு இரண்டும் ஒரே கோரிக்கை என்பது விளங்கும். இறங்கு என்பதும் வெளியே நில் என்பதும் ஒரே குரலின் இரு சொற்கள். நல்ல கடை கட்டித் தருக, நாற்காலி போடுக என்று அவர்கள் கேட்டிலர். கடையே வேண்டா என்றனர். படை வந்தது, தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பின் கெடா மாநிலத்து ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பார் தலைமையில் எழுந்த தொண்டர் படையும் கள்ளுக்கடைகளையே முதல் இலக்காகக் கொண்டது. 1947-இல் பீடோங்கில் கடை மறியல் காவல்துறையோடு மோதலில் முடிந்தது. குடித்தவரைத் தொண்டர் தாமே தண்டித்த செய்திகளும் உண்டு, அவற்றைப் போற்றுதற்கில்லை. ஒருவனைச் சன்னலுக்கு வெளியே நிறுத்தியது தவறெனின், அவனை மரத்தில் கட்டுவதும் தவறே. ஆயினும் சீருடை அணிந்து, வரிசையில் நடந்து, நிமிர்ந்து நின்ற அவ்விளைஞர், கடையை எதிர்த்ததோடு அக்கடையின் முன் தம் தந்தையர் நின்ற நிலையையும் எதிர்த்தனர் எனல் மிகையாகாது.

தோட்டங்கள் கைமாறியும் துண்டுபட்டும் போனபின் கள்ளுக்கடைகள் மறைந்தன. குடி மறையவில்லை, மலிவான சம்சு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் அதனை எதிர்த்துப் பல்லாண்டு குரல் கொடுத்தன. புட்டியில் அடைத்து விற்கப்பட்ட சம்சுவுக்குக் கட்டடமே தேவைப்படவில்லை.

செண்டாயானில் இன்று ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் புதுநகரமும் தொழிற்பேட்டையும் விமானப்படைத் தளமும் எழுந்துள்ளன. கள்ளுக்கடை எந்த இடத்தில் இருந்தது என்பதைக் காட்டும் கல் எதுவுமில்லை. அதற்காக வருந்துதல் தகுமா? கிளப் கட்டடங்கள் செப்பனிடப்பட்டு நிற்கின்றன. மலேசியாவில் மரபுடைமைகளைக் காக்க 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கலை வேலைப்பாடு உடையது காக்கப்படும். தகரக் கொட்டகையில் காப்பதற்குரிய வேலைப்பாடு ஏது? இவ்வாறு, அழகாகக் கட்டிக்கொண்டவர் வரலாற்றில் நிலைக்கின்றனர். அழகு மறுக்கப்பட்டவர் இரண்டாம் முறையும் வெளியே நிறுத்தப்படுகின்றனர். அழகிய கட்டடங்களை இடித்துவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. கிரவுன் மதுமனையின் ஓடுகள் செய்த குற்றம் ஏதுமில்லை. அவற்றைப் பதித்த கைகள் போற்றத்தக்கவை. கள்ளுக்கடையை மீண்டும் கட்டிக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பதும் அன்று. அதன் முன் நின்றவருடைய பேரப்பிள்ளைகள் அதனை விரும்பார்.

ஆயின் ஒன்று செய்யலாம். அதற்குப் பொருட்செலவும் இல்லை. தோட்டத்தில் வாழ்ந்த முதியவர் இன்னும் பலர் உளர். சன்னல் எவ்வளவு உயரத்தில் இருந்தது, கம்பிகள் நெடுக்காக இருந்தனவா குறுக்காக இருந்தனவா, மழை வந்தால் எங்கே ஒதுங்கினர், பெண்களும் வந்தனரா, பிள்ளைகள் எத்துணைத் தொலைவில் நின்று தந்தையை அழைத்தனர் என்று ஆசிரியரும் மாணவரும் அவர்களைக் கேட்டு எழுதலாம். எழுதியதோடு நில்லாமல், வரைபடத் தாளில் ஓர் அங்குலத்திற்கு இருபதடி என்று அளவு வைத்து வரையலாம். அதே அளவில் சிலாங்கூர் கிளப்பின் முகப்பையும் பக்கத்தில் வரையட்டும். முகப்பு ஒரு தாளுக்குள் அடங்காமல் அடுத்த தாளிலும் நீளும். கள்ளுக்கடைச் சன்னலை வரையும் மாணவன் பென்சிலை நன்கு கூராக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்; அந்த அளவில் அது ஒரு கடுகளவே வரும்.